இருநூற்றுப் பதினெட்டு

வத்தல்மலைமேல் ஓர் ஊர். விடிய இன்னும் இரண்டு மணி நேரம்.
"வாயுதாங்க மேடம். இஞ்சித் தண்ணி குடுத்திருக்கோம்."
வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு கிடந்தான் சின்னாண்டி.
கையில் வீக்கமில்லை, காலில் வீக்கமில்லை.
டார்ச்சை விரலிடுக்கு வரை ஓட்டிப் பார்த்தேன்,
கொசு கடித்த அளவுக்குக்கூட ஒன்றுமில்லை.

ராத்திரி எங்கே படுத்தான்?
"களத்துலங்க. சாமைக் கட்டுக்குக் காவல். கீழ ஒரு சாக்கு."

தலையை அசைக்காமல் என் விரலைப் பார் என்றேன்.
விரல் மேலே போனது.
இமை பாதி வழியில் நின்றுகொண்டது.
"தூக்கக் கலக்கம்" என்றது வாசலில் நின்ற கூட்டம்.
உலுக்கினால் தூக்கம் கலையும். இது கலையவில்லை.
கட்டுவிரியன் பல் பட்ட இடம் தெரியாமல் போய்விடும்.
அது கையெழுத்துப் போடுவது இமையில்தான்.

மூச்சு விடாமல் எண்ணு சின்னாண்டி. ஒன்றிலிருந்து.
இருபத்து மூன்றில் நின்றான்.
அண்ணன் பொன்னுரங்கம் சிரிக்கப் பார்த்தார்:
"இவனாங்க? சடுகுடுல கோட்டத் தாண்டிப் போனா
அறுபது எண்ணி முடிச்சாலும் பாட்டு நிக்காது."
அந்தச் சிரிப்பு முடிவதற்குள்
ஸ்ட்ரெச்சரைத் தூக்கச் சொன்னேன்.

நஞ்சப்பன் ஒவ்வொரு கொண்டை ஊசிக்கும் முன்னால்
"வளைவு" என்று குரல் கொடுப்பார்.
நான் காலை அகட்டி ஊன்றிக்கொள்வேன்.
விரலில் மாட்டிய கருவி தொண்ணூற்றேழு என்றது.
நம்பவில்லை.
ஆக்சிஜன் ஓடுகிறவரை அந்த எண்
கடைசி நிமிடம் மட்டும் நல்ல பிள்ளை.

எண்ணு.
பதினேழு.
வளைவு.
எண்ணு.
பதினொன்று. அதுவும் நாக்கு குழைந்து, "பயினொண்ணு".
எச்சிலை விழுங்கத் தெரியவில்லை அவனுக்கு.
இடப்பக்கம் புரட்டி உறிஞ்சி எடுத்தேன்.
தோளில் போனை இடுக்கி ஆஸ்பத்திரிக்குச் சொன்னேன்:
கட்டுவிரியன் மாதிரி இருக்கு, கடிவாய் இல்ல,
விஷமுறிவு எடுத்து வைங்க, வெண்டிலேட்டர் வேணும்.
வளைவு.
எண்ணு.
நான்கு.
எண்ணு.

'ஒ' சொல்ல உதடு குவியப் பார்த்தது.
அவ்வளவுதான்.

"போய்ட்டான்... போய்ட்டானே" என்று
பொன்னுரங்கம் மார்பில் அறைந்துகொண்டார்.
என் இரண்டு விரலுக்கடியில் நாடி ஓடிக்கொண்டிருந்தது.
அழாதீங்க. அவனுக்குக் கேட்கும்.
கண் திறக்காது, விரல் அசையாது,
பிணம் மாதிரித்தான் இருப்பான். ஆனால் கேட்கும்.
போய்ட்டான்னு நீங்க சொன்னதும் கேட்டிருக்கும்.

மாஸ்க்கை இரண்டு கையாலும் அழுத்த வேண்டும்,
தாடையைத் தூக்கிப் பிடித்தபடி.
பையை அமுக்க எனக்கு மூன்றாவது கை இல்லை.
நீங்க அமுக்குங்க. நான் எண் சொல்லும்போது மட்டும்.
நெஞ்சு லேசா எழுந்தா போதும்,
டயருக்குக் காத்தடிக்கிற மாதிரி வேணாம்.

ஒன்று.
ஐந்து நொடி.
இரண்டு.

அடிவாரம் வந்ததை நான் பார்க்கவில்லை.
ஒரு பால் வண்டி ஒதுங்கியது.
நூற்று நாற்பதில் பொன்னுரங்கத்தின் கை நடுங்கியது,
நூற்றைம்பதில் நின்றுவிட்டது அந்த நடுக்கம்.
நாலு ரோட்டில் ஆளே இல்லை,
ஆனாலும் நஞ்சப்பன் ஹாரனிலிருந்து கையை எடுக்கவில்லை.

முந்நூற்று முப்பத்தொன்றில்
டாக்டர் குழாயை இறக்கினார்.
எண்ணுவது இயந்திரத்தின் வேலையாயிற்று.
என் வாய் மட்டும் வராந்தாவில்
முந்நூற்று நாற்பது வரை போய் நின்றது.
உறிஞ்சு பாட்டிலைக் கழுவி முடிப்பதற்குள்
அடுத்த அழைப்பு. தொப்பூர் கணவாய், லாரி.

பதினோராம் நாள்
வேறு யாரையோ இறக்கிவிட்டு மாடி ஏறினேன்.
உட்கார்ந்திருந்தான். ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தார் அண்ணன்.
என் முகம் அவனுக்குத் தெரியவில்லை.
எப்படி இருக்கே என்றேன்.
சட்டென்று திரும்பினான், குரலைப் பார்த்து.

குழாய் எடுத்த தொண்டை. சருகு மிதிபடும் சத்தம்.
"இருநூத்திப் பதினெட்ட
ரெண்டு தடவ சொன்னீங்க."

பொன்னுரங்கம் சுளையைப் பிரித்தபடி சொன்னார்:
"ரெண்டு தடவையும் அமுக்குனேன்டா."